பெயரில்லாத வெப்பநிலைகள்

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு புது மதர்போர்டு வாங்கி, லினக்ஸை ஏற்றி, வழக்கம்போல முதல் வேலையாக, வெப்பநிலை, ஃபேன் வேகம் எல்லாம் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். பிராசஸரின் வெப்பநிலை வந்தது. என்விஎம்இ சேமிப்பு டிரைவின் வெப்பநிலை வந்தது. அவ்வளவுதான். பெட்டிக்குள் ஐந்து ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றின் வேகம்கூடத் தெரியவில்லை. மின்னழுத்தம் எதுவும் இல்லை, போர்டின் வெப்பம் இல்லை. இயந்திரத்தை மறுபடி தொடங்கி பயாஸுக்குள் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) போய்ப் பார்த்தால் எல்லாம் வரிசையாக இருந்தது. ஆக சென்சார்கள் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன, நான் தினமும் பயன்படுத்தும் இடத்துக்கு மட்டும் அவை வந்து சேரவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தோடு ஒரு கருத்தும் வந்து ஒட்டிக்கொண்டது. சிப்பில் எண்கள் இருக்கின்றன, அதோடு பேசும் நிரலான டிரைவர் அவற்றை அப்படியே எடுத்துக் காட்டினால் என்ன? சரியா தவறா என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்வாரே. ஒன்றும் காட்டாமல் இருப்பதைவிட எதையாவது காட்டுவது மேல் என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை என்னிடம் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அது கழன்று விழுந்த விதம்தான் இப்போதும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சிப், இரண்டு எஜமானர்கள்

முதலில், எண்கள் ஏன் வரவில்லை என்பது. போர்டின் ஃபேன்களையும் மின்னழுத்தங்களையும் கவனிப்பது பெரும்பாலும் சூப்பர் ஐ/ஓ என்ற ஒரு சிறு சிப். நுவோட்டான், ஐடிஇ, ஃபின்டெக் போன்றவர்கள் செய்வது. அதோடு பேசும் முறை மிகப் பழையது. 2ஈ, 2எஃப் என்ற இரண்டு போர்ட்கள், அதாவது சிப்போடு பேசும் வாசல்கள் (சில மதர்போர்டுகளில் 4ஈ, 4எஃப்). நுவோட்டான் சிப்பாக இருந்தால் முதல் போர்ட்டில் பதினாறடிமானத்தில் 87 என்று இரண்டு முறை எழுதினால் அது அமைப்பு நிலைக்கு வரும். பிறகு எந்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்பு இருக்கும் சிறு பெட்டி) வேண்டும் என்பதை ஒரு போர்ட்டில் சொல்லி, மதிப்பை அடுத்த போர்ட்டில் வாங்க வேண்டும். 20, 21 (இவையும் பதினாறடிமானத்தில்) என்ற ரெஜிஸ்டர்களில் சிப்பின் அடையாள எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் என்சிடி6775, ஐடி87 போன்ற டிரைவர்கள் இது நம்ம ஆள்தான் என்று தெரிந்துகொள்கின்றன. வெப்பம், ஃபேன், மின்னழுத்தம் ஆகியவற்றைப் படிப்பதும் இதே பாணிதான்: ஒரு போர்ட்டில் எண்ணைச் சொல், இன்னொன்றில் மதிப்பை வாங்கு.

சிக்கல் இந்த இரண்டு படிகளுக்கு நடுவில் இருக்கிறது. டிரைவர் "வெப்ப ரெஜிஸ்டர்" என்று எழுதி முடித்து, மதிப்பைப் படிக்கக் கை நீட்டும் அந்தக் கணத்தில், மின்சாரத்தையும் வன்பொருளையும் நிர்வகிக்க பயாஸ் கொடுத்த ஏசிபிஐ நிரல் அதே சிப்பிடம் "ஃபேன் ரெஜிஸ்டர்" என்று எழுதிவிட்டால், டிரைவருக்கு வெப்பம் என்ற பெயரில் ஃபேனின் எண் கிடைக்கும். படிப்பதில் இது நடந்தால் ஒரு தவறான எண்ணோடு போய்விடும். எழுதும்போது நடந்தால் ஃபேன் வேகத்துக்கென்று எழுதியது வேறு ஏதோ ஒரு ரெஜிஸ்டரில் போய் உட்காரும். இருவரும் ஒரே பூட்டை மதிப்பதற்குப் பொதுவாக வழியில்லை. அதனால்தான் ஏசிபிஐ அந்த முகவரிகளைத் தனக்கென்று அறிவித்திருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிரைவரை ஏற்ற மறுக்கிறது. என் போர்டிலும் அதுதான் நடந்திருந்தது. கெர்னல் பதிவில் ஒரு வரி, முகவரி மோதல் என்று.

இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. துவக்க வரியில் ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ் என்று சேர்த்துவிட்டால் கெர்னல் தடுக்காது. நானும் சேர்த்தேன். எண்கள் கொட்டின. ஏழெட்டு மாதம் சந்தோஷமாக ஓடியது. ஃபேன்கன்ட்ரோல் ஸ்கிரிப்டையும் அதன்மேல் கட்டிவிட்டேன், அந்த வெப்பத்தைப் பார்த்து ஃபேன்களைக் கூட்டிக் குறைக்கும்படி. ஒரு இரவு, இயந்திரம் சும்மா இருக்கும்போது, எல்லா ஃபேன்களும் திடீரென்று உச்சத்துக்குப் போய் இரண்டு விநாடியில் அடங்கின. நான் வைத்திருந்த பதிவில் ஒரே ஒரு வரியில் மட்டும் போர்டின் வெப்பம் 121 டிகிரி. முன்னும் பின்னும் 34. மோதல்தான் காரணம் என்று ஆதாரத்தோடு காட்ட என்னால் முடியாது. ஆனால் அன்று எண் மேல்பக்கமாகத் தாவியதால் ஃபேன்கள் வேகமாக ஓடின. கீழ்பக்கமாகத் தாவி, அப்படியே நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அந்த வரியை அன்றிரவே எடுத்துவிட்டேன்.

சரியான வழி வேறு. ஏசிபிஐயோடு சண்டை போடாமல் அதன் வழியாகவே கேட்பது. பல போர்டுகளில் டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகம் மூலம் பயாஸே சிப்பைப் படித்துக் கொடுக்கும். 2021-இல் வந்த லினக்ஸ் 5.13-இல் கிகாபைட் போர்டுகளுக்கு இப்படி ஒரு டிரைவர் வந்தது. 5.16-இல் ஏசஸ் போர்டுகள் பலவற்றுக்கு என்சிடி6775 டிரைவரே டபிள்யூஎம்ஐ வழியாகப் பேசக் கற்றுக்கொண்டது. ஆனால் எந்த போர்டில் இது நம்பகமாக நடக்கிறது என்பதை யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். அதனால் இத்தகைய டிரைவர்களுக்குள் போர்டுகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கும், பயாஸ் டிஎம்ஐயில் (இயந்திரத்தின் அடையாளத் தகவல் அட்டவணை) சொல்லும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். என் போர்டுக்கும் அதன் குடும்பத்துக்கும் வழி ஏற்கெனவே இருந்தது. பட்டியலில் என் போர்டின் பெயர் மட்டும் இல்லை. ஒரு வரி. அதைச் சேர்த்து, கெர்னலைத் தொகுத்து, நாலு நாள் ஓட்டிப் பார்த்து, கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். சிறு திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் ஒரு வரிக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இனி எண்கள் பாதுகாப்பாக வருகின்றன. ஆனால் எதன் எண்கள்? திரையில் டெம்ப்1 முதல் டெம்ப்6 வரை. அவற்றில் ஒன்று 98 டிகிரி என்றது, ஒன்று மைனஸ் 62 என்றது. மின்னழுத்தங்களில் ஒன்று 1.00 வோல்ட், அதற்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி. சிப்புக்கு இவற்றின் அர்த்தம் தெரியாது. அதன் பின்களுக்குள் (சிறு உலோகக் கால்கள்) வருவதை அது அளக்கிறது, அந்தப் பின்னை எங்கே கொண்டுபோய் இணைப்பது என்பது போர்டை வடிவமைத்தவரின் விருப்பம். நுவோட்டான் சிப்களில் பெரும்பாலான மின்னழுத்த உள்ளீடுகளில் ஒரு படி 8 மில்லிவோல்ட், 255 படி ஏறினால் 2.04 வோல்ட். 12 வோல்ட்டை நேரே அங்கே கொடுக்க முடியாது. இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டுத்தான் கொடுப்பார்கள். எத்தனை ஓம் ரெசிஸ்டர்கள் என்பது போர்டுக்கு போர்டு மாறும். என் போர்டில் அந்த 1.00 என்பது 12-ஆல் பெருக்கப்பட வேண்டிய 12 வோல்ட் இணைப்பு. மல்டிமீட்டர் வைத்து அளந்து உறுதி செய்தேன். ஃபேன் வேகத்திலும் இதே கதை. ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும் என்ற கணக்கில்தான் நிமிடச் சுற்று கிடைக்கிறது. வேறு மாதிரி துடிக்கும் ஃபேனை மாட்டினால் திரையில் வருவது தவறான வேகம்.

இந்தப் பெயர்களும் பெருக்கல்களும் கெர்னலுக்குள் போவதில்லை. எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு படிக்கும் அமைப்புக் கோப்பில் லேபிள் (பெயர்), கம்ப்யூட் (கணக்கு), இக்னோர் (காட்டாதே) என்று எழுதி வைக்க வேண்டும். பலர் தங்கள் போர்டுகளுக்கு எழுதியவை ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டும் இருக்கின்றன. என் போர்டுக்கு யாரும் எழுதியிருக்கவில்லை. நான் எழுதினேன். 98 காட்டியதற்கும் மைனஸ் 62 காட்டியதற்கும் இக்னோர். டெம்ப்3-க்கு "விஆர்எம்" என்று லேபிள், அதாவது பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியின் வெப்பம். பிராசஸருக்கு வேலை கொடுத்தால் அது 36-இலிருந்து 58 வரை ஏறியது. விஆர்எம் அல்லாமல் வேறு எதுவாக இருக்கும் என்று நினைத்தேன்.

கோப்பை அந்தப் பொது இடத்துக்கு அனுப்பினேன். அதைப் பார்த்த ஒருவர், அவர் பெயர் இங்கே வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேட்டார். டெம்ப்3 விஆர்எம் என்று எழுதியிருக்கிறீர்கள், இது உங்களுக்கு எப்படித் தெரியும்? வேலை கொடுத்தால் சூடேறுகிறது என்று பதில் எழுதினேன். பெட்டிக்குள் வேலை கொடுத்தால் சூடேறாதது எது என்று திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியில் கடுமை இல்லை, பொறுமைதான் இருந்தது. அதனால்தான் அது என்னை அவ்வளவு ஆழமாகத் தொட்டது என்று நினைக்கிறேன். பதில் தெரியாமல் இரண்டு நாள் அந்த மடலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் நேரத்தைப் பார்த்தேன். பிராசஸரின் உள் சென்சார் வேலை தொடங்கிய ஒரு விநாடிக்குள் இருபது டிகிரி தாவுகிறது, நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்குகிறது. டெம்ப்3 அப்படியில்லை, பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏறுகிறது. ஆக அது உலோகத் தகடு மூடிய ஏதோ ஒன்றின் பக்கத்தில் இருக்கிறது. இது விஆர்எம் என்ற என் ஊகத்துக்குச் சாதகமாகத்தான் இருந்தது. அடுத்து, வேலையை நிறுத்தாமல், ஒரு சிறு ஃபேனை விஆர்எம் தகட்டின்மேல் நேராகக் கையில் பிடித்தேன். கால் மணி நேரம். தகட்டைத் தொட்டுப் பார்த்தால் சூடு நன்றாகத் தணிந்திருந்தது. டெம்ப்3-இல் ஒரு டிகிரிகூட அசையவில்லை. என் கை வலித்தது, அதைவிட அந்த அசையாத எண் வலித்தது. அதே ஃபேனை போர்டின் கீழ்ப்பக்கம், டிரைவ்களையும் யுஎஸ்பியையும் இணைக்கும் சிப்செட்டின் தகட்டுக்குமேல் கொண்டுபோனேன். ஐந்து நிமிடத்தில் 58 என்பது 49 ஆனது. இன்னும் உறுதியாக வேண்டும் என்று, பிராசஸரைச் சும்மா விட்டுவிட்டு, சிப்செட் வழியாக இணைந்திருக்கும் இரண்டாவது டிரைவுக்கு பெரிய கோப்புகளை நகலெடுத்தேன். பிராசஸர் 40-இல் நின்றது, டெம்ப்3 ஏறியது.

அப்படியானால் பிராசஸருக்கு வேலை கொடுத்தபோது சிப்செட் ஏன் சூடானது? அது நாள் முழுக்க என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்று அதன்மேல் விழுகிறது. நான் கொடுத்த சோதனை வேலையில் கிராபிக்ஸும் ஓடிக்கொண்டிருந்தது.

விஆர்எம் என்ற லேபிளோடு அந்தக் கோப்பு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே போர்டு வைத்திருக்கும் ஒருவர் அதிக மின்சாரம் இழுக்கும் பிராசஸரை மாட்டி, டெம்ப்3-ஐப் பார்த்து, 50 டிகிரிதானே, விஆர்எம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். உண்மையான விஆர்எம் 100-ஐத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருக்கலாம். எண்ணே இல்லையென்றால் அவர் சந்தேகப்படுவார், தொட்டுப் பார்ப்பார், விசாரிப்பார். பெயரோடு நிற்கும் தவறான எண் அந்தச் சந்தேகத்தையே அவரிடமிருந்து பிடுங்கிவிடும். எதையாவது காட்டுங்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான் அன்று மாலை தகட்டை மாட்டிவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

எடுத்துவிட்டவர்கள்

அதற்குப் பிறகு பழைய கோபம் ஒன்றை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2020-இல் லினக்ஸ் 5.6-இல் ஏஎம்டி பிராசஸர்களின் வெப்பத்தைப் படிக்கும் கே10டெம்ப் டிரைவர், அவற்றில் ஜென் வகைப் பிராசஸர்களின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காட்டத் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது. அடுத்த வருடமே, 5.11-இல், அதை எடுத்துவிட்டார்கள். அந்த ரெஜிஸ்டர்களுக்கு வெளியில் ஆவணம் இல்லை, ஊகித்து வைத்த அளவுகள் எல்லா மாடலுக்கும் பொருந்தவில்லை, தவறான எண்களைப் பற்றிப் புகார்கள் வந்தன. பராமரிப்பாளர் குந்தர் ரோக் அந்தப் பகுதியையே நீக்கினார். இருந்ததைப் பறித்துவிட்டார்களே என்று அன்று நண்பர்களிடம் பொரிந்து தள்ளியிருக்கிறேன். இன்று அதே மாற்றத்தைப் படித்தால், தான் உறுதி சொல்ல முடியாத எண்ணைத் தன் பெயரில் காட்ட மறுக்கும் ஒருவருடைய நேர்மைதான் தெரிகிறது. அதே டிரைவரில் இன்னொரு இடத்தைப் பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 1800எக்ஸ் பிராசஸர் சொல்லும் கட்டுப்பாட்டு வெப்பநிலை (ஃபேன்களைக் கட்டுப்படுத்துவதற்கான எண்) உண்மையைவிட 20 டிகிரி அதிகம், முதல் தலைமுறை த்ரெட்ரிப்பரில் 27. என்ன கழிக்க வேண்டும் என்பது உறுதியாகத் தெரிந்ததால் அந்தக் கழித்தல் டிரைவரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்த எச்சரிக்கைக்கு இன்னும் பழைய காரணமும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் எல்எம்-சென்சார்ஸ் சென்சார் எங்கே என்று தேடியபோது சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் அடுத்த முறை துவங்கவே இல்லை. அவற்றின் உள் இணைப்பில் 24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சிப் இருந்தது. மற்ற சிப்களுக்கு ஒன்றும் செய்யாத ஒரு தேடல் கட்டளை அதன் உள்ளடக்கத்தைக் கெடுத்துவிட்டது. வெப்பம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்களுக்கு இயந்திரமே போனது. சென்சார்களைத் தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் ஒவ்வொரு படியிலும் நம்மிடம் அனுமதி கேட்பது முன்பெல்லாம் எனக்குத் தொல்லையாகத் தெரியும். இப்போது ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

ஆனால் எல்லாச் சுமையையும் டிரைவர் எழுதுபவர்மீதே ஏற்றுவது நியாயமில்லை. போர்டு தயாரிப்பவர்களிடம் வரைபடம் இருக்கிறது. எந்தப் பின் எங்கே போகிறது, எந்த ரெசிஸ்டர், எந்த ஃபேன் இணைப்புக்கு எந்த எண் என்பதையெல்லாம் தெரிந்துதான் அவர்கள் பயாஸ் திரையை எழுதுகிறார்கள். ஒரு போர்டுக்கு ஒரு பக்க அட்டவணை வெளியிட்டால் போதும். முழு வரைபடத்தை யாரும் கேட்கவில்லை, டிரைவரையும் அவர்கள் எழுத வேண்டாம். அந்த ஒரு பக்கத்தைத் தராததால்தான் உலகம் முழுக்க ஆட்கள் கையில் ஃபேனைப் பிடித்துக்கொண்டு அதையே மறுபடி மறுபடி கண்டுபிடிக்கிறார்கள். சிப் தயாரிப்பாளர்கள் ஒரு காலத்தில் டேட்டாஷீட்களை (சிப்பின் விவரக் குறிப்புகள்) பொதுவில் வைத்திருந்தார்கள், புதிய சிப்கள் பலவற்றுக்கு அதுவும் கிடைப்பதில்லை. இதில் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது, அதை விட்டுவிடும் எண்ணமும் இல்லை.

அந்த அட்டவணைகள் வரும்வரை, போர்டைக் கையில் வைத்திருப்பவரிடம் இருப்பது டிரைவர் எழுதுபவரிடம் இல்லை. அவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் எல்லா போர்டுகளையும் வாங்கி வைக்க முடியாது. நிரல் எழுதத் தெரியாதவர்கூட பயாஸ் திரையையும் சென்சார்ஸ் காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதலாம், ஃபேன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்த எண் பூஜ்யமாகிறது என்று குறிக்கலாம், டிஎம்ஐ சொல்லும் போர்டின் பெயரையும் பயாஸ் பதிப்பையும் அப்படியே நகலெடுத்து அனுப்பலாம். கூடவே, தெரியாததைத் தெரியாது என்று எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு இதில் கடைசியதுதான் கஷ்டமாக இருந்தது.

திருத்திய கோப்பு முதலில் எழுதியதைவிடச் சின்னது. டெம்ப்3 சிப்செட் ஆனது. டெம்ப்4-க்கு லேபிளே இல்லை. எதை எப்படிச் சோதித்தேன் என்பதை ஒவ்வொரு வரிக்கும் மேலே குறிப்பாக எழுதினேன். 98 காட்டியதும் மைனஸ் 62 காட்டியதும் இக்னோரிலேயே இருந்தன. எங்கும் இணைக்கப்படாத பின்கள் அப்படித்தான் எதையாவது சொல்லும் என்று படித்திருந்தேன், 98 காட்டியது எந்தச் சோதனைக்கும் அர்த்தத்தோடு அசையவுமில்லை. கேள்வி கேட்டவர் இம்முறை வேறொன்றும் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து, அதே போர்டு வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மடல் வந்தது. போர்டின் ஓரத்தில் இரண்டு பின் உள்ள ஒரு சிறு இணைப்பு இருக்கிறது, அதில் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சார்) வயரை மாட்டியதும் மைனஸ் 62 காட்டிய டெம்ப்5 உயிர் பெற்று 27 டிகிரிக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். யோசித்தால் புரிகிறது. இந்த வகைத் தெர்மிஸ்டரில் குளிரக் குளிர மின்தடை கூடும். ஒன்றுமே மாட்டாத இணைப்பு சிப்புக்குக் கடுங்குளிராகத்தான் தெரியும். உயிரில்லாத இணைப்பு என்று நான் மூடி வைத்தது, ஆள் வராத நாற்காலி. இக்னோர் என்பதும் ஒரு கூற்றுதான் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. டெம்ப்5-இன் இக்னோரை எடுத்து, "வெளித் தெர்மிஸ்டர், மாட்டாவிட்டால் மைனஸ் 62" என்று குறிப்பெழுதி, அவர் பெயரையும் சோதித்தவர் என்று சேர்த்து அனுப்பினேன். டெம்ப்4 இன்னும் லேபிள் இல்லாமல் இருக்கிறது. இப்போது 31 டிகிரி. வரும் சனிக்கிழமை ரேம் பக்கம் ஃபேனைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.